சபைக்கு வெளியே ஒரு நாற்காலி: சிங்கப்பூர்த் தமிழ் ஊழியருக்கு ஆன்ம வழிகாட்டலும் மௌன தியானமும் எந்த அளவுக்கு உதவும்?

சிங்கப்பூரில் தமிழ் ஊழியத்தில் இருப்பவருக்கு ஆள் பஞ்சம் கிடையாது. ஞாயிறு ஆராதனை, அதற்குப் பின் சபையோடு சாப்பாடு, வாலிபர் கூட்டம், வாரத்தில் இரண்டு மூன்று வீட்டு ஜெபங்கள், மருத்துவமனைச் சந்திப்பு, தொழிலாளர் விடுதிகளில் ஊழியம் என்று போய்க்கொண்டே இருக்கும். கைபேசி வாய் மூடாது. இவ்வளவுக்கும் நடுவில் வருகிற தனிமைக்கு “இன்னும் கொஞ்சம் ஐக்கியத்தில் இருங்கள் பாஸ்டர்” என்று யோசனை சொன்னால் அது வேலைக்கு ஆகாது. சந்திக்கிற ஒவ்வொருவருக்கும் அவரால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, இல்லையென்றால் அவர்மேல் ஓர் அதிகாரம் இருக்கிறது. தளர்ந்துபோயிருக்கிறேன் என்று சபை மக்களிடம் சொன்னால் அவர்கள் கலங்கிப்போவார்கள். இடமாற்றத்தை முடிவு செய்கிறவரிடம் சொல்ல மனம் வராது. சக ஊழியரிடம் சொல்லலாம்தான், ஆனால் இங்கே தமிழ்ச் சபைகளின் உலகம் மிகச் சிறியது. காலையில் ஒருவர் காதில் போட்டது மாலைக்குள் தீவைச் சுற்றி வந்துவிடும்.

அதனால் இந்த மதிப்பீட்டில் எல்லாச் சேவைகளையும் ஒரே கேள்வியால்தான் நிறுத்துப் பார்க்கிறோம். எதிரே உட்காருகிறவருக்கு உங்களால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லாமலும், உங்கள்மேல் அதிகாரம் இல்லாமலும் இருக்கிறதா? போதகர்கள், பாஸ்டரம்மாக்கள், திருமணமாகாத பெண் ஊழியர்கள், அருட்சகோதரிகள், பகலில் வேலையும் இரவில் ஊழியமுமாக ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ஆனால் எந்தத் தியான இல்லத்தாலும் தீர்க்க முடியாத ஒரு தனிமை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து தனியாக வந்து ஊழியம் செய்கிறவரின் தனிமை பல நேரம் மனிதவள அமைச்சின் விதியிலிருந்து வருகிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர் மனைவி மக்களை டிபெண்டன்ட் பாஸ் என்ற குடும்ப அனுமதியில் அழைத்துவர மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். அதற்குக் கீழே வாங்குகிறவர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத்தான் இருக்கவேண்டும். இதை ஜெபக் குறைவு என்று சொல்லி அவரை உபவாசத்துக்கு அனுப்புவது அநியாயம். சபை நிர்வாகக் குழு முதலில் சம்பளத்தையும், ஆண்டு விடுப்பையும், ஊருக்குப் போய்வர எத்தனை விமானச் சீட்டு தருகிறோம் என்பதையும் எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டோடு பேசும் நேரத்தையும் சபை பாதுகாத்துக் கொடுக்கலாம். இந்தியாவைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பதால், இரவு 9.30க்கு வீட்டு ஜெபம் முடிகிறபோது ஊரில் மணி 7. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் “ஐயா, ஒரு சின்ன விஷயம்” என்று வாசலில் மறிக்காமல் விட்டாலே பெரிய உதவி.

இனி சேவைகளுக்கு வருவோம்.

ஆன்ம வழிகாட்டல்தான் எங்கள் கணக்கில் முதல் இடம். கத்தோலிக்கருக்குப் பழகிய ஏற்பாடு. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். மாதம் ஒரு முறை, 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால் உட்கார்ந்து உங்கள் ஜெப வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று பேசுவீர்கள். பாவசங்கீர்த்தனம் வேறு, மனநல ஆலோசனை வேறு. ஆலோசகர் உங்கள் சிக்கலை எடுத்து ஆராய்வார். வழிகாட்டியோ, அந்தச் சிக்கலுக்குள் கடவுள் எங்கே இருந்தார், நீங்கள் அவரிடம் உண்மையில் என்ன சொன்னீர்கள், என்ன சொல்லாமல் விட்டீர்கள் என்று கேட்பார். நல்ல வழிகாட்டி மிகக் குறைவாகப் பேசுவார். புத்திமதி எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் தடவை ஏமாந்து திரும்புவதும், ‘ஒன்றும் சொல்லவில்லையே’ என்று குறைப்படுவதும் வழக்கம். மூன்று சந்திப்பு வரை பொறுத்துப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரில் இதற்குப் பெயர்போன இடம், புனித இஞ்ஞாசியார் நிறுவிய கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையினர் நடத்தும் இஞ்ஞாசியார் ஆன்மிக, ஆலோசனை மையம். விக்டோரியா பார்க் ரோட்டில், கிங்ஸ்மீட் ஹாலில் இருக்கிறது. கிங்ஸ் ரோட்டிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் பக்கம். ஃபாரர் ரோடு எம்ஆர்டி அருகில். புக்கிட் தீமா பக்கம் ஜாலான் மெர்போக்கில் கனோசியச் சகோதரிகளின் லைஃப் ஸ்பிரிங்ஸ் மையமும் உண்டு. பிற சபைப் பிரிவினர் இஞ்ஞாசியார் வழியில் வழிகாட்டல் பெறுவது உலகெங்கும் நடப்பதுதான். மெதடிஸ்டோ பெந்தெகொஸ்தேயோ, முதல் மின்னஞ்சலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், நடுவில் தர்மசங்கடம் வராது. பார்க்கப்போனால் இந்தச் சேவையின் பலமே அங்கேதான் இருக்கிறது. உங்கள் சபைப் பிரிவுக்கு வெளியே உள்ள ஒருவர் உங்கள் பணியிடத்தைத் தீர்மானிக்கமாட்டார், உங்கள் பிரசங்க மேடைக்கும் வரமாட்டார், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரமாட்டார்.

முதல் சந்திப்பில் நீங்களும் நான்கு கேள்வி கேட்கலாம், தப்பில்லை. எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள்? உங்களை மேற்பார்வையிடுகிறவர் இருக்கிறாரா? குறிப்பு எழுதி வைப்பீர்களா, அதை யார் பார்க்கலாம்? எந்த நிலையில் நான் சொன்னதை வெளியே சொல்லவேண்டி வரும்? உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாகவேண்டும் என்று நேராகச் சொல்கிறவர் நம்பத்தக்கவர். எதையும் எப்போதும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். காணிக்கையா கட்டணமா, எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டு முடித்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு ஒருவழியாக வருவதையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே கெட்டுப்போகிறது என்றால், ஊழிய அறிக்கையில். உட்கார்ந்த உடனே ஞானஸ்நானம் இத்தனை, புதுக் குடும்பங்கள் இத்தனை, கட்டட நிதி இவ்வளவு என்று கணக்கு ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பழக்க தோஷம். ஒரு மணி நேரம் போய்விடும், பேசவேண்டியது பேசப்படாமலே கிடக்கும். இதற்கு ஒரு வழி: முந்தின இரவு அரைப் பக்கம், தமிழில், சபையின் பெயரே வராமல் எழுதிக்கொண்டு போங்கள். வழிகாட்டல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும்; தமிழில் ஜெபிக்கிற ஆளுக்கு அது நாக்கில் ஒட்டாது. எழுதியதிலிருந்து ஒரு வரியைத் தமிழிலேயே வாய்விட்டுப் படியுங்கள், எதிரே இருப்பவருக்குப் புரியாவிட்டாலும். விளக்கம் அப்புறம். குரல் எந்த இடத்தில் தடுக்கிறது என்பதை மொழி தெரியாதவரும் கேட்டுவிடுவார். முழுக்கத் தமிழிலேயே வேண்டும் என்றால் தமிழ்நாட்டிலுள்ள தியான இல்லங்களில் கேட்டு, காணொளி அழைப்பில் பேச ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளலாம். நேரில் பார்ப்பதில் பாதிதான் கிடைக்கும், ஆனாலும் பாதி கிடைக்கும்.

இன்னொரு கோளாறு, வழிகாட்டியையே சிநேகிதராக்கிக்கொள்வது. சந்திப்புகளுக்கு இடையில் தினம் வாட்ஸ்அப் போக ஆரம்பித்தால், அவருக்கும் நீங்கள் ஒரு சுமையாகிவிடுவீர்கள். முதலில் வைத்த கேள்வியில் அந்த நாற்காலி தோற்றுவிடும்.

இஞ்ஞாசியார் (1491–1556) எழுதிவைத்த ஆன்மிகப் பயிற்சிகளில் தனிமையில் இருப்பவருக்கு நேரே உதவுவது ஒரே ஒரு விதி: மனம் வறண்டு இருண்டிருக்கும் நேரத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. ஞாயிறு இரவு ராஜினாமாக் கடிதம் எழுத உட்காருகிறவருக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஞாயிறு இரவில் மனம் விழுவதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. காலையிலிருந்து நின்று, பேசி, எல்லாருக்கும் கைகொடுத்து, உடம்பு ஏற்றி வைத்திருந்த வேகம் இறங்குகிறது, வயிறு காலி, சபையார் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள், உங்கள் வீட்டில் விளக்குகூடப் போடவில்லை. அந்த நேரத்துக் கடிதத்தை புதன்கிழமை வரை மேசைக்குள் வைத்திருங்கள். ஒரு எச்சரிக்கை: சபையில் யாரோ உங்களை மிரட்டுகிறார், சம்பளத்தைப் பிடித்துவைக்கிறார் என்றால் அது மன வறட்சி கிடையாது. அங்கே இந்த விதியைக் காட்டி ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்கிற வழிகாட்டியை மாற்றிவிடுங்கள்.

அதே மரபில் வரும் இரவு ஆய்வு, பத்துப் பதினைந்து நிமிட வேலை. நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, கழிந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்காக ஒரு வேண்டுதல் என்று ஐந்து படி. தனிமையில் இருப்பவர் கையில் இது சீக்கிரமே குற்றப்பத்திரிகை ஆகிவிடும். நான்காம் படியிலேயே குடியிருப்பார்கள். மூன்றாம் படியில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று என்னிடம் ஒன்றும் கேட்காமல் பேசியவர் யார்? தொடர்ந்து ஒரு வாரம் பதிலே இல்லை என்றால் உங்களுக்குக் குறைவாக இருப்பது பக்தி இல்லை, மனிதர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது மௌன தியான நாள். முழு நாளாகவோ, ஒரு இரவு தங்கியோ, வழிகாட்டியோடு ஐந்து அல்லது எட்டு நாளாகவோ எடுக்கலாம். நீண்ட தியானத்தில் தினமும் ஒரு சந்திப்பு உண்டு, மீதி நேரம் பேச்சில்லை, சாப்பாட்டு மேசையிலும்கூட. வேலையை விட முடியாதவர்களுக்கு அன்றாட வாழ்க்கையிலேயே செய்கிற நீண்ட வடிவம் ஒன்றும் இருக்கிறது. சுமார் 30 வாரம், தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஜெபம், இடையிடையே வழிகாட்டி. முதல் தடவை போகிறவர் எட்டு நாளில் இறங்கவேண்டாம். தனிமையால் வாடுகிற ஒருவரை நேரே எட்டு நாள் மௌனத்தில் உட்காரவைப்பது விவேகம் இல்லை. ஒரு நாள் போதும், அதுவும் திங்கட்கிழமை.

அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது? காலை 9 மணிக்குப் போனதும் வேதத்தைத் திறக்காதீர்கள். தூங்குங்கள், இரண்டு மணி நேரம். எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்று சொன்னபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை. பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான். எழுந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு, 11.30 வாக்கில் ஒரு சங்கீதம், வாய்விட்டு, மிக மெதுவாக. இங்கேதான் பெரிய சிக்கல் வரும். பிரசங்கிக்கிறவர் கண்ணில் எந்த வசனம் பட்டாலும் அது மூன்று குறிப்பாகப் பிரிந்து நிற்கும், நான்காவதாக ஒரு உதாரணமும் வந்து சேரும். அடுத்த ஞாயிறு தயார்! தியானம் காலி. இதைத் தடுக்க, பிரசங்கிக்கவே வழியில்லாத பகுதியாக எடுத்துக் கையால் எழுதுங்கள். ரோமர் 16 அருமையாக உதவும். வெறும் பெயர்ப் பட்டியல்தான். ஆனால் எழுதிக்கொண்டே போகும்போது, ஒருத்தியை எனக்கும் தாய் என்றும், இருவரை என் பிராணனுக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்றும் பவுல் சொல்வது கையில் தட்டுப்படும். எழுதி முடித்ததும் பக்கத்திலேயே உங்கள் பட்டியலை எழுதுங்கள். சபைப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள் மட்டும். பலருக்கு ஐந்தைத் தாண்டாது. அந்த ஐந்து பேரில் ஒருவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எதிரே குறித்துக்கொண்டால் அன்றைய வேலை பாதி முடிந்தது.

மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை மோசமான நேரம். சலிப்பு வரும், துக்கம் கிளம்பும், கைபேசி நினைவு வரும், சீக்கிரம் கிளம்பிவிடலாமா என்று தோன்றும். அந்த நேரத்தை உட்கார்ந்து கழிக்க முயலாதீர்கள், நடக்கவேண்டும். அழுகை வந்தால் வரட்டும், அது நாள் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. நான்கரை மணிக்கு வழிகாட்டியோடு அரை மணிப் பேச்சு இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மௌனத்தைத் தனியாகத் தொடங்கலாம், முடிக்கும்போது ஒரு மனிதக் குரல் வேண்டும். இந்த ஒன்று இல்லாத தியான நாளை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். குறிப்பெழுதிக் கிழிந்த பிரசங்க வேதாகமத்தை வீட்டில் வைத்துவிட்டு, கோடு போடாத இன்னொன்று, மெல்லிய நோட்டு, தண்ணீர்ப் புட்டி, குளிர்சாதன அறைக்கு ஒரு சால்வை, தோட்டத்துக்குக் கொசு மருந்து, சத்தமில்லாத செருப்பு. கைபேசியை வரவேற்பறையில் கொடுத்துவிடலாம், அவசர அழைப்பை எடுக்க சபையில் ஒருவரை நியமித்துவிட்டு வந்திருந்தால். நியமிக்காமல் வந்தால் மனம் முழு நாளும் அந்தக் கைபேசியிலேயே இருக்கும்.

செலவில்லாத மாற்று வேண்டும் என்பவர்கள் ஆலயங்களையே பயன்படுத்தலாம். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயம், குவீன் ஸ்திரீட்டில் 1847இல் திறக்கப்பட்ட நல்லாயன் பேராலயம் இரண்டும் வார நாள் பிற்பகலில் உட்கார ஏற்றவை. ஒரே குறை, தமிழர் கூடுகிற தேக்காவுக்குப் பக்கம் என்பதால் லூர்து அன்னை ஆலயத்தில் தெரிந்த முகம் வந்து நலம் விசாரித்துவிடும். மரினா சவுத் பியரிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகில் போவதும் நல்ல யோசனை. அங்கே கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோகவேண்டும், கடைசிப் படகு நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். மலேசியாவின் ஜொகூரில் பிளென்தோங் பக்கம் மஜோடி என்ற கத்தோலிக்க மையம் இருக்கிறது. ஆனால் வெள்ளி மாலை உட்லண்ட்ஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டால் போய்ச் சேர்வதற்குள் அமைதியெல்லாம் போய்விடும். வார நடுவில் போங்கள்.

மூன்றாவது, யாரும் விற்காத சேவை: மூன்று பேர் குழு. வெவ்வேறு சபைப் பிரிவுகளைச் சேர்ந்த மூன்று ஊழியர்கள், மாதம் ஒரு திங்கட்கிழமை, தேக்காவுக்குத் தூரமான ஏதாவது ஒரு கோப்பிக் கடையில் ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு 25 நிமிடம், மீதி சாப்பாட்டுக்கு. கேட்டதை ‘ஜெப விண்ணப்பமாக’க்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது, வதந்தி இங்கே பெரும்பாலும் அந்த வேஷத்தில்தான் நடமாடுகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. நால்வராக்கினால் தேதி ஒத்துவராது, இருவர் என்றால் ஒருவர் ஊருக்குப் போனதும் கூட்டம் செத்துவிடும். செலவுக்குக் கிடைக்கிற பலனைக் கணக்குப் பார்த்தால் இதைவிட லாபமான ஏற்பாடு இல்லை. ஆனாலும் முதல் இடம் தரவில்லை, ஏனென்றால் மூவருமே களைத்துப்போன மாதத்தில் இது புலம்பலாகச் சரிந்துவிடும்.

ஒருவரை அழைக்கும்போது தெளிவாக அழையுங்கள். ‘ஒருநாள் பார்ப்போம் ஐயா’ என்றால் அந்த நாள் வராது. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல், லூக்கா மட்டும் என்னோடு இருக்கிறான் என்று ஒளிக்காமல் சொன்னார். யாரைக் கூட்டிவரவேண்டும், துரோவாவில் யாரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரவேண்டும், எந்தக் காலத்துக்கு முன் வரவேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார். அந்த மாதிரி கேளுங்கள்: நாள், நேரம், இடம், என்ன கொண்டுவரவேண்டும்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யூவெர்ஷனில் தமிழ் வேதம் இருக்கிறது. இயேசு சபையினரின் ‘ப்ரே அஸ் யூ கோ’ பத்துப் பன்னிரண்டு நிமிட ஒலி ஜெபம், ஆங்கிலத்தில் நேர்த்தியாக இருக்கும், ரயிலில் கேட்கலாம். நேற்று ஏன் வரவில்லை என்று எந்தச் செயலியும் அக்கறையோடு கேட்கப்போவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவரைப் பார்க்கவேண்டிய நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் பாலிகிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கிருந்து அனுப்பப்பட்டால் நிபுணரிடம் சலுகைக் கட்டணம் கிடைக்கும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் 6389 2222 மூன்றும் 24 மணி நேரமும் இயங்குபவை. உடனடி ஆபத்து என்றால் 995. போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து பேசாமல் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது: தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம் இல்லை. தொலைபேசியில் நீங்கள் போதகர் என்று சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள் வைத்த கேள்வியில் முழு மதிப்பெண் வாங்குகிற சேவை இதுதான், ஒரு இரவுக்கு.

கடைசியாகச் சபைப் பொருளாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்ம வழிகாட்டலையும் ஆண்டுக்கு நான்கு தியான நாள்களையும் போதகரின் சொந்தச் செலவில் விடாமல் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாகப் போடுங்கள். ரசீதில் வழிகாட்டியின் பெயர் கேட்காதீர்கள். மையத்தின் பெயரும் தேதியும் போதும். அந்தத் திங்கட்கிழமை மாலை அவரை எந்த வீட்டு ஜெபத்துக்கும் போடவேண்டாம்.